முனகலும் சிணுங்கலும்

காரில் ஒரு சத்தம் வருகிறது என்று முதலில் சொன்னவர் அப்பா. அது எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் கண்டுகொள்ள ஐந்து மாதங்கள் ஆயின. அந்த ஐந்து மாதங்களில் நான்கு டயர்களை மாற்றினோம். சொல்லக்கூடாத ஒன்றையும் சொன்னோம். டயர்க் கணக்கை எழுதுவது எளிது. ஆனால் இரண்டும் பின்னிக்கிடப்பதால் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

நாங்கள் என்றால் இருவர், அக்காளும் தம்பியும். இருவருக்கும் மதுரையில் வேலை. அம்மாவும் அப்பாவும் தேனியில் இருக்கிறார்கள். அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநராக முப்பது ஆண்டுகள் இருந்து 2005இல் ஓய்வு பெற்றவர். அதில் பெரும்பகுதி தேனி - மதுரைத் தடம். ஆண்டிபட்டிக் கணவாயின் ஒவ்வொரு வளைவும் அவருக்கு வீட்டுப் படிக்கட்டு மாதிரி. 2013இல் சொந்தமாக ஒரு சிறிய கார் வாங்கினார். அதைத் துடைத்து, ஓட்டி, வாரம் ஒருமுறை டயருக்குக் காற்று பார்த்து எட்டு வருடங்கள் வைத்திருந்தார். 2021இல் நாங்கள் அவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டோம்.

காரணம் காது. பின்னால் வந்த லாரி நெடுநேரம் ஒலிப்பான் அடித்தும் அவர் வழிவிடவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். காது மருத்துவரிடம் அழைத்துப்போனோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வோர் ஒலியாகக் கேட்கவிட்டு ஒரு வரைபடம் எடுத்துத் தந்தார்கள். கோடு இடப்பக்கம் சமவெளிபோல் வந்து, 1000ஐத் தாண்டியதும் கணவாய் இறக்கம்போல் சரிந்திருந்தது. முதுமையில் உயர்ந்த ஒலிகள்தாம் முதலில் போகுமாம். முப்பது ஆண்டுகள் பேருந்து எஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததும் சேர்ந்திருக்கும். நாங்கள் அந்தத் தாளில் சரிந்த பக்கத்தை மட்டுமே பார்த்தோம். இடப்பக்கத்துச் சமவெளியை யாரும் பார்க்கவில்லை. சாவி அம்மாவின் பீரோவுக்குள் போயிற்று. அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரையால் விழித்திரையில் நீர் கோத்து, மாதம் ஒருமுறை மதுரையில் கண்ணுக்குள் ஊசி போட வேண்டியிருந்தது. வெள்ளி இரவு நாங்கள் தேனிக்குப் போவோம். சனிக்கிழமை காலை காரில் கிளம்பி, மாலையில் திரும்புவோம். எங்களில் ஒருவர் ஓட்ட, ஒருவர் முன்னிருக்கையில். அப்பாவும் அம்மாவும் பின்னால். முன்னால் உட்காருங்கள் என்று எவ்வளவோ சொன்னோம். ஓட்டாதவனுக்கு முன்சீட்டு எதற்கு என்று சொல்லிவிட்டார்.

2023 ஜூன் மாதம், உசிலம்பட்டி தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

“தம்பி, வண்டி முனகுது.”

பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டோம். டயரிலிருந்து ஒரு கீச்சுக்குரல் வந்தது உண்மை. அது எங்களுக்குப் பழகிய சத்தம். வேகம் கூடக்கூட அதுவும் மேலேறும்.

“டயர் சத்தம்ப்பா அது.”

“டயரு சிணுங்கும். இது முனகுது.”

அப்போது அதை வெறும் சொல் வேறுபாடு என்றுதான் நினைத்தோம். புத்தகம் படிக்கிறவர்கள் என்ற பெயர் எங்கள் இருவருக்கும் உண்டு. சொல்லில் கவனமாக இருக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர்கள் நாங்கள். சிணுங்கலுக்கும் முனகலுக்கும் நடுவே ஒரு மனிதர் வேண்டுமென்றே கோடு கிழித்தபோது அது எங்கள் காதில் ஏறவில்லை.

பட்டறைகளில் புழங்கும் தமிழை உட்கார்ந்து கேட்டவர்களுக்குத் தெரியும், அங்கே நோய்க்குறிப்பு முழுவதும் ஒலிக்குறிப்புதான். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது ‘டக்டக்’ என்றால் ஆக்சில் மூட்டு. மேடுபள்ளத்தில் ‘டொக்டொக்’ என்றால் கீழே ஏதோ ஒரு புஷ் போயிருக்கிறது. சக்கரத்தட்டுக்கும் அதன் பின்னாலிருக்கும் தகட்டு மறைப்புக்கும் இடையில் ஒரு சின்னக் கல் புகுந்துவிட்டால் ‘சரசர’. இரண்டடி பின்னால் எடுத்தால் சில சமயம் தானே விழுந்துவிடும். பிரேக் கட்டை தேய்ந்து மெலிந்ததும், அதில் வைத்திருக்கும் மெல்லிய இரும்பு நாக்கு தட்டில் உரசிக் ‘கீச்’சென்று கத்தும். கத்துவதற்காகவே வைத்த நாக்கு அது. இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள்படாது என்று தொல்காப்பியர் காலத்திலிருந்து சொல்லிவருகிறோம். பட்டறையில் அதைக் கூட்டிக்குறைத்துச் சொன்னாலே நோய் மாறிவிடும்.

சிணுங்கலுக்கு வருகிறோம்.

எங்கள் காருக்கு 145/80 ஆர்12 அளவு டயர். கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு ஒன்றே முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பத்துச் சுற்று. டயரின் சுற்றளவில் எழுபது பட்டன்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு எழுநூறு பட்டன்கள் தாரில் வந்து அறைகின்றன. ஒவ்வோர் அறையிலும் பள்ளத்தில் சிக்கிய காற்று பிதுங்கி வெளியேறுகிறது. நீளப் பள்ளங்கள் புல்லாங்குழல்போல் அதை வாங்கி ஊதுகின்றன. எல்லாப் பட்டன்களும் ஒரே அளவில் இருந்தால் ஒற்றைச் சுருதியில் ஓலமிடும். அதனால் அளவை மாற்றி மாற்றி அடுக்கி அந்தச் சுருதியைக் கலைத்துவிடுகிறார்கள். புது டயர் ‘உஸ்’ என்று பொதுவாக இரைவதற்கு இந்தக் கலைப்பும் ஒரு காரணம். ஓடுகிற கார் டயரின் இரைச்சல் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் உச்சம் கொள்ளும்.

டயர் சரியில்லாமல் தேயும்போது கலைத்துவைத்த சுருதி மீண்டும் கூடிவிடுகிறது. எங்கள் பின் டயர்களில் நடந்தது அதுதான். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் பின்சக்கரங்கள் சும்மா உருண்டுகொண்டே வரும். அவற்றைப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னுக்குக் கொண்டுவராவிட்டால், ஒவ்வொரு பட்டனும் ஒரு முனையில் உயர்ந்தும் மறுமுனையில் தாழ்ந்தும் சாய்வாகத் தேயும். உள்ளங்கையை டயர்மேல் வைத்து ஒரு திசையில் தடவினோம், வழுக்கியது. எதிர்த்திசையில் தடவினோம், ரம்பப் பல் மாதிரி இடறியது. அப்பா காரைப் பார்த்துக்கொண்ட காலத்தில் டயர்கள் முறைப்படி இடம் மாறிவந்தன. சாவியை வாங்கிக்கொண்ட நாங்கள் அந்த வேலையை வாங்கிக்கொள்ளவில்லை.

அப்போது நாங்கள் செய்த சோதனைகள் எல்லாம் சரியானவைதாம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். சமதளத்தில் 60இல் போகும்போது நியூட்ரலுக்குத் தள்ளிப் பார்த்தோம். எஞ்சின் அடங்கியும் சத்தம் அடங்கவில்லை. ஆகவே எஞ்சின் அல்ல. ஆக்சிலேட்டரை அழுத்தினாலும் விட்டாலும் குரல் மாறவில்லை; ஆகவே கியர்ப் பெட்டியாக இருக்க வாய்ப்பு குறைவு. பிரேக்கை லேசாகத் தொட்டால் மாற்றமில்லை. ஆகவே பிரேக் அல்ல. (எஞ்சினை அணைத்துப் பார்க்கலாமே என்று யாரும் முயல வேண்டாம், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளக்கூடும். இறக்கத்தில் நியூட்ரல் போடுகிறவனை அப்பா ஓட்டுநர் சாதியிலேயே சேர்க்கமாட்டார்.) பிறகு சொரசொரப்பான ஜல்லித் தாரிலிருந்து புதிதாகப் போட்ட வழவழப்பான தாருக்குள் போனோம். சிணுங்கல் பாதியாய்க் குறைந்தது. சாலை மாறினால் குரல் மாறுவது டயர். கடைசியில் ஒரு டயர்க்கடையில் பின்னவற்றை முன்னுக்கும் முன்னவற்றைப் பின்னுக்கும் மாற்றிப்போட்டோம். சத்தம் பின்னாலிருந்து முன்னால் வந்துவிட்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆகஸ்டில் நான்கு டயர்களையும் புதிதாக மாற்றி, அலைன்மென்டும் பார்த்து, பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்துவிட்டு வந்தோம்.

கார் பட்டு மாதிரி ஓடியது. சிணுங்கல் சுத்தமாக இல்லை. எங்களுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. நூல் பிடித்ததுபோல் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து காரணத்தைக் கண்டுபிடித்தோம் அல்லவா. அந்தப் பெருமையோடுதான் செப்டம்பர் மாதச் சனிக்கிழமை மதுரைக்குக் கிளம்பினோம்.

கணவாயில் ஏறி இறங்கியதும் பின்னாலிருந்து அப்பா சொன்னார்.

“இன்னும் முனகுதேப்பா.”

அப்போது எங்களில் ஒருவர் சொன்னோம்: “அது உங்க காதுக்குள்ள கேக்குறதுப்பா.”

யார் சொன்னது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. சொல்லாத மற்றவரும் மறுக்கவில்லை. உள்ளுக்குள் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். ஆகவே இருவரும் சொன்னதாகவே இருக்கட்டும். அம்மா மட்டும் “என்ன பேச்சு இது” என்றாள். அப்பாவுக்கு அது காதில் விழவில்லையோ என்று ஒரு நப்பாசை எங்களுக்கு இருந்தது. கண்ணாடியில் பார்த்தோம். நன்றாக விழுந்திருந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உசிலம்பட்டி வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு காரைப் பற்றி அவர் பேசவே இல்லை. அக்டோபர் மாதப் பயணத்தில் சாப்பாடு, மழை, அம்மாவின் மாத்திரை என்று எதையெதையோ பேசினார். கார் என்ற சொல் வரவில்லை.

நவம்பரில் அம்மாவுக்கு ஊசி முடிய நேரமாகிவிட்டது. ஒரு கண்ணில் கட்டோடு அவள் பின்னிருக்கையில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள். அவளுக்காகப் பாட்டை அணைத்திருந்தோம். மழை பெய்து ஓய்ந்த சாலை. செக்கானூரணி, உசிலம்பட்டி எல்லாம் தாண்டிக் கணவாய் ஏறி, ஆண்டிபட்டிப் பக்கம் இறங்கத் தொடங்கியபோது முன்னிருக்கையில் இருந்தவர் தற்செயலாகப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு பாதங்களையும் வெறும் தரையில் பதித்து உட்கார்ந்திருந்தார். வலது கை முழங்கால்மேல் இருந்தது. கார் வலது பக்கம் வளைந்தபோது அவருடைய ஆள்காட்டி விரல் மெல்ல எழுந்தது. நேரான பாதைக்கு வந்ததும் தணிந்தது. இடது வளைவில் முழங்காலோடு ஒட்டிக் கிடந்தது. அடுத்த வலது வளைவு; விரல் மறுபடி எழுந்தது. யாருக்கும் காட்டுவதற்காக அவர் அதைச் செய்யவில்லை. கச்சேரியில் தாளம் போடுகிறவர் தாளம் போடுவதை அறியாமல் போடுவாரே, அப்படி.

முன்னால் திரும்பி ஓட்டியவரிடம் சைகை காட்டினோம். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். அடுத்த வலது வளைவில், காற்றிரைச்சலுக்கும் டயரிரைச்சலுக்கும் அடியில், தரைக்குள்ளிருந்து வருவதுபோல் ஒன்று பெருகியது. ‘ஊம்ம்ம்’ என்று, வாய் மூடிய குரல். முனகல்தான். அதற்கு வேறு சொல் கிடையாது.

அது அத்தனை மாதமும் அங்கேதான் இருந்தது. எங்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்த சிணுங்கல் 700ஓடு நில்லாமல் 1400, 2100 என்று தன் மடங்குகளில் மேலேறும் ஒலி. அப்பாவுக்குக் காது சரிந்த பக்கத்தில் இருப்பவை அந்த மடங்குகள். அவருக்கு அது மங்கலாக ஒதுங்கிவிட்டிருக்கிறது. நொந்துபோன பேரிங்கின் கணக்கு வேறு. குண்டுகள் உருளும் பாதையில் ஓர் இடம் பெயர்ந்துவிட்டால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஏறத்தாழ ஐந்து குண்டுகள் அதன்மேல் ஏறி இறங்கும். 60 வேகத்தில் நொடிக்கு ஐம்பது இடி. அதுவும் அதன் கீழ்மடங்குகளும் வரைபடத்தின் இடப்பக்கத்தில், அப்பாவின் காது இன்னும் பழுதில்லாமல் இருக்கும் சமவெளியில் விழுகின்றன. ஒரே காருக்குள் நாங்கள் ஒரு நோயைக் கேட்டோம், அவர் வேறொரு நோயைக் கேட்டார். இரண்டும் இருந்தன. எங்களுடையதைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டு, அவருடையது இல்லை என்று தீர்ப்பெழுதிவிட்டோம்.

வளைவின் சூட்சுமமும் எளியதுதான். கார் வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடப்பக்கத்துச் சக்கரங்களின்மேல் சாயும். இடது பேரிங் பழுதாக இருந்தால் அந்தச் சுமையில் முனகல் உரக்கும். இடப்பக்கம் திரும்பினால் பாரம் விலகி அடங்கும். எப்போதும் இப்படியே நடக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. முதல் சந்தேகத்துக்கு இது போதும். கணவாய் மாதிரி ஒரு சோதனைக்கூடம் எங்கே கிடைக்கும்? மாதம் இருமுறை அதன் வழியே போய்வந்துகொண்டிருந்தோம்.

இறக்கம் முடிந்ததும் ஓரமாக நிறுத்தினோம். “அப்பா, இறங்கிப் பாருங்களேன்” என்று மட்டும் சொன்னோம். அவர் ஏன் என்று கேட்கவில்லை. நேராக முன்பக்கம் வந்து, குனிந்து, புறங்கையை வலது சக்கரத்தின் நடுவருகே கொண்டுபோனார். பிறகு சுற்றிவந்து இடது சக்கரம். கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

“தொட்டுப் பாக்காத. கிட்ட மட்டும் வையி.”

இறக்கத்தில் பிரேக் பிடித்துவந்ததில் இரண்டு பக்கமும் சூடுதான். ஆனால் இடப்பக்கச் சூடு அந்தச் சூடில்லை. பேருந்து ஓட்டிய காலத்தில் நிறுத்தங்களில் தேநீர் குடிக்குமுன் அவர் சக்கரங்களைப் புறங்கையால் விசாரித்துவிட்டு வருவார் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்த வண்டிகளில் இருந்தவை 1898இல் ஹென்றி டிம்கன் காப்புரிமை பெற்ற வகையைச் சேர்ந்த சாய்வுருளைப் பேரிங்குகள். கழற்றி, கிரீஸ் திணித்து, நட்டை இறுக்கி, பிறகு ஒரு சிட்டிகை தளர்த்திப் பூட்ட வேண்டும். இறுக்கம் கூடினால் காயும், குறைந்தால் ஆடும். அந்தச் சிட்டிகை எவ்வளவு என்பதைக் கைதான் அறியும். இப்போதைய கார்களில் வருபவை கிரீஸோடு மூடி முத்திரையிட்டு வருகின்றன. பராமரிக்க ஒன்றுமில்லை, போனால் மாற்ற வேண்டியதுதான். போய்விட்டதென்று சொல்ல அதற்கு இந்த முனகல் ஒன்றுதான் மொழி.

மீதித் தூரத்தை 40ஐத் தாண்டாமல் ஓட்டித் தேனி சேர்ந்தோம்.

மறுநாள் பட்டறையில் ஒரு வேடிக்கை நடந்தது. இளம் மெக்கானிக் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்துப் பார்த்துவிட்டு “ஆட்டமே இல்லையே சார், பேரிங் நல்லாத்தான் இருக்கு” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. மூடிய பேரிங்குகள் ஆட்டம் காண்பதற்கு வெகுநாள் முன்பே முனகத் தொடங்கிவிடும். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்தார். கேட்கவில்லை. பட்டறைக்குள் தகடு தட்டும் சத்தம் வேறு.

அப்பா அருகே போனார். “சுத்துங்க தம்பி” என்று சொல்லிவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, சுருள்வில்லை விரல்களால் சுற்றிப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடினார். மெக்கானிக் சக்கரத்தைச் சுற்றினார். ஒரு நிமிடம் இருக்கும்.

“கொறகொறங்குது. நீங்க வச்சுப் பாருங்க.”

மெக்கானிக் வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு நாங்களும் ஒருவர் பின் ஒருவராக வைத்துப் பார்த்தோம். வில்லின் இரும்புக்குள் ஏதோ அரைபட்டுக்கொண்டிருந்தது. அம்மா திருகையில் உளுந்து உடைக்கும்போது மேல்கல்லில் கை வைத்தால் தெரியுமே, அந்தக் கரகரப்பு. வலப்பக்கச் சக்கரத்தைத் தூக்கி அதே இடத்தில் பிடித்துப் பார்த்தோம். எண்ணெய்க்குள் விரல் விட்டதுபோல் இருந்தது. பேரிங்கின் அதிர்வு வில்லுக்கு அப்படியே ஏறிவந்துவிடுகிறது. கேட்க முடியாததைத் தொட்டுக் கேட்கலாம்.

அழுத்துப்பொறியில் வைத்துப் பழைய பேரிங்கைப் பிதுக்கி எடுத்தார்கள். உடைத்துக் காட்டச் சொன்னோம். கிரீஸ் காபிப்பொடி நிறத்தில் இருந்தது. ஓர உறை கிழிந்து தண்ணீர் புகுந்திருக்கிறது. வெளி வளையத்தின் பாதையில் இரண்டு மூன்று இடங்களில் தோல் உரிந்ததுபோல் எஃகு பெயர்ந்திருந்தது. அந்த இடங்களுக்கு இடையிலான தூரம், குண்டுக்கும் குண்டுக்கும் உள்ள தூரமேதான். மெக்கானிக் அதை நகத்தால் தொட்டுக்காட்டி, “எங்கயாவது பெரிய பள்ளத்துல இறக்கினீங்களா சார்?” என்றார்.

ஒரே அடியில் பாரம் தாங்கும் குண்டுகள் பாதையில் குழி பதித்துவிடும். அந்தக் குழிகளிலிருந்து பிற்பாடு எஃகு பெயரத் தொடங்கும். எஃகுக் குண்டை அழுத்திக் குழியின் அளவைக்கொண்டு உலோகத்தின் கடினத்தை அளக்கும் முறையை 1900இல் அறிமுகப்படுத்திய சுவீடன் பொறியாளர் பிரினெலின் பெயரால்தான் இந்தப் பழுதையும் அழைக்கிறார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில், இரவில், செக்கானூரணி அருகே சாலையோரப் பள்ளத்தில் இடது முன்சக்கரம் இறங்கி ஏறியது எங்கள் இருவருக்கும் நினைவுக்கு வந்தது. அன்று காரில் அப்பா இல்லை. அவரிடம் சொல்ல வேண்டாம் என்று பேசிவைத்துக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. நம் சாலைகளில் ஓரத்துப் பள்ளமும் தேங்கிய நீரும் இடது சக்கரத்துக்கே முதலில் வாய்க்கின்றன. ஆனால் அந்தப் பள்ளத்தில் இறக்கியது சாலையல்ல. மெக்கானிக்கின் கேள்விக்கு நாங்கள் பதில் சொல்வதற்குள் அப்பா எங்கள் முகத்தைப் பார்த்தார். “ரோடு அப்படித்தான கெடக்கு” என்று அவரே பதில் சொல்லிவிட்டார்.

இன்னும் ஓரிரு மாதங்கள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மெக்கானிக்கிடம் தனியாகக் கேட்டோம். சக்கரம் கழன்று ஓடும் என்று பலர் பயமுறுத்துவார்கள். அவ்வளவு தூரம் போவது அரிது. அதற்கு வெகுமுன்பே நடக்கக்கூடியது ஒன்றை அவர் சொன்னார். பேரிங் ஆட்டம் கண்டால் பிரேக் தட்டும் சேர்ந்து ஆடி, இரு பக்கத்துக் கட்டைகளையும் விலக்கித் தள்ளிவிடும். அடுத்த முறை பிரேக்கை மிதிக்கும்போது முதல் மிதி சும்மா உள்ளே போகும்; இரண்டாவது மிதியில்தான் பிடிக்கும். கணவாய் இறக்கத்தில், கண்ணில் கட்டோடு அம்மா பின்னிருக்கையில் சாய்ந்திருக்க, முதல் மிதி சும்மா உள்ளே போவதை நாங்கள் இருவரும் தனித்தனியாகக் கற்பனை செய்துகொண்டோம். அதைப்பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

செலவு நான்கு டயர்களின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை.

காதுக்குள் கேட்கிறது என்று சொன்னதற்கு இதுவரை நாங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படிக் கேட்கும் வழக்கம் இல்லை என்பது ஒரு காரணம், கேட்டால் அவர் “எதுக்கு?” என்று கேட்டுவிடுவார் என்ற பயம் இன்னொன்று. சாவியை அவர் கேட்கவில்லை. நாங்களும் கொடுக்கவில்லை. லாரியின் ஒலிப்பான் அவருக்குக் கேட்காது என்பது இன்றும் உண்மைதான். பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து ஜன்னல் திண்டில் வைத்திருக்கிறார். அம்மா அதன்மேல் தன் கண் சொட்டுமருந்துப் புட்டியை நிறுத்திவைக்கிறாள்.

டிசம்பர் மாதச் சனிக்கிழமை உசிலம்பட்டியில் தேநீருக்காக நிறுத்தினோம். அப்பா இறங்கி, தேநீரைச் சொல்லிவிட்டு, காரை ஒருமுறை சுற்றிவந்தார். முன் இடது, பின் இடது, பின் வலது, முன் வலது. ஒவ்வொன்றின் அருகிலும் குனிந்து புறங்கையை வைத்தார். நாங்களும் தேநீர்க் கோப்பையை ஒரு கையில் பிடித்தபடி அவர் பின்னாலேயே போய், அவர் கை எடுத்த இடத்தில் எங்கள் கையை வைத்துப் பார்த்தோம். காருக்குள்ளிருந்து அம்மா “என்னவாம்?” என்று கேட்டாள்.

“நாலும் ஒண்ணுபோல இருக்கு” என்றார் அப்பா. பின்கதவைத் திறந்து ஏறி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, “எடு தம்பி” என்றார்.